காரணக் கட்டத்தில் 'லண்டன்'

அப்பாவிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. சிவப்பு அட்டை, முனையெல்லாம் மழுங்கிப்போனது. ஒவ்வொரு வருடமும் பறிப்பு முடிந்து கணக்கு தீர்ந்ததும் அதில் ஒரு வரி எழுதுவார். எத்தனை மூட்டை பார்ச்மெண்ட் (தோல் உரித்துக் கழுவிக் காயவைத்த காபி), எத்தனை மூட்டை செர்ரி (பழமாகவே காயவைத்த காபி), பணம் எந்தத் தவணையில் எவ்வளவு வந்தது, கடைசியாக ஒரு சின்னக் கட்டத்தில் காரணம். வரவு கூடினாலும் குறைந்தாலும் காரணம் எழுதாமல் விடமாட்டார். 'பூ மழை தப்பியது.' 'தண்டு துளைப்பான்.' 'காய்ப்பு நல்லது.' பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சேர்வராயன் மலையில் எங்கள் நாகலூர்த் தோட்டத்துக்கு மேலே இருக்கிற வானமும் கீழே இருக்கிற மண்ணும் தவிர வேறு காரணம் அந்த நோட்டில் கிடையாது.

1990-ஆம் வருடத்துக் கட்டத்தில் மட்டும் ஒரே ஒரு சொல் இருக்கிறது: 'லண்டன்'.

எனக்கு அப்போது 12 வயது. அந்த வருடம் காய்ப்பு மோசமில்லை. களம் நிறையக் காபி காய்ந்தது. சாயங்காலம் பனி இறங்குவதற்குள் அம்மாவும் நானும் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம், காலையில் வெயில் ஏறியதும் மறுபடி பரப்புவோம். அந்தக் காலத்தில் தோட்டக்காரர்கள் காபியைத் தாங்களாக யாருக்கும் விற்க முடியாது. எல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போகும். 'பூல்' என்போம். உள்நாட்டில் விற்றது, வெளிநாட்டுக்கு அனுப்பியது எல்லாவற்றையும் சேர்த்து விலை கணக்கிட்டு, தவணை தவணையாகப் பணம் வரும். அந்த வருடம் வந்த தவணையைப் பார்த்துவிட்டு அப்பா ரசீதை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் இன்னும் ஏதாவது தொகை எழுதியிருக்குமோ என்று பார்த்த மாதிரி இருந்தது.

"லண்டன்ல ஒரு ஒப்பந்தம் இருந்துச்சாம் கண்ணு. அது முறிஞ்சு போச்சாம்."

"யாருப்பா முறிச்சாங்க?"

"அது தெரியலையே சாமி."

பின்னால் நான் கீழே சேலத்துக்கு வந்து அரசியல் அறிவியல் படித்ததற்கு அந்தக் கட்டமும் ஒரு காரணம். இப்போது அதையே பாடமாக நடத்துகிறேன். வெளியுறவுப் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "மேடம், ராஜதந்திரம் வேற, அரசியல் வேறயா?" பாடப் புத்தகத்து விளக்கம் இருக்கிறது. எனக்கோ ஒவ்வொரு முறையும் அப்பாவின் நோட்டுதான் ஞாபகம் வருகிறது.

அந்த ஒப்பந்தத்தின் கதை இதுதான். ஐ.நா. கூட்டிய மாநாட்டில் உருவாகி, 1962 செப்டம்பர் கடைசியில் நியூயார்க்கில் கையெழுத்துக்கு வந்தது சர்வதேச காபி ஒப்பந்தம். அதை நடத்தும் அமைப்புக்குத் தலைமையகம் லண்டன். காபி விளைவிக்கும் ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு பிரித்தார்கள். விலை இறங்கினால் பங்கைக் குறைப்பார்கள், ஏறினால் தளர்த்துவார்கள். இதில் யோசிக்க வேண்டிய விஷயம், வாங்கும் நாடுகளும் இதற்குச் சம்மதித்தன என்பது. பங்குக்கு மேல் வரும் சரக்கைத் தங்கள் துறைமுகத்தில் தடுக்கும் வேலையை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். உலகத்திலேயே அதிகக் காபி வாங்கும் அமெரிக்கா, கூடுதல் விலை கொடுக்கத் தானாக முன்வந்து கையெழுத்துப் போட்டது.

ஏன்? 1959-ல் கியூபாவில் புரட்சி நடந்திருந்தது. பிரேசில், கொலம்பியா, மத்திய அமெரிக்கா என்று பல நாடுகளின் பிழைப்பு காபியை நம்பி இருந்தது. விலை விழுந்தால் அங்கே பசி வரும், பசி வந்தால் அடுத்த கியூபா வரும் என்று வாஷிங்டன் பயந்தது. காபிக்குக் கூடுதல் விலை கொடுப்பது அந்தப் பயத்துக்கு அவர்கள் கட்டிய காப்பீட்டுத் தொகை. எங்கள் மலையில் விளைந்த காபியும் அந்தக் குடையின் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டது.

நடுவில் சில வருடங்கள் பங்கு முறை நின்று நின்று ஓடியது. அப்புறம் 1989. பிரேசில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள மறுத்தது. மத்திய அமெரிக்க நாடுகள் தங்கள் பங்கைக் கூட்டச் சொல்லி நின்றன. ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுக்கு அதே காபி மலிவாகப் போகிறதே என்று அமெரிக்கா முகம் சுளித்தது. இந்தச் சண்டைகள் எதுவும் புதிதில்லை, ஒவ்வொரு கூட்டத்திலும் நடந்தவைதான். ஆனால் இந்த முறை, எப்படியாவது சமாதானம் செய்துவைக்க வேண்டும் என்ற அவசரம் வாஷிங்டனுக்கு இல்லை. சோவியத் பயம் வற்றத் தொடங்கியிருந்தது. ஜூலையில் பங்கு முறை கைவிடப்பட்டது. பெர்லின் சுவர் விழ இன்னும் 4 மாதம் இருந்தது. சில மாதங்களில் உலகச் சந்தையில் காபி விலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

1962-ல் அந்த மேசையில் உட்கார்ந்தவர்களை விட 1989-ல் உட்கார்ந்தவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அதே மாதிரி படித்தவர்கள், அதே மாதிரி வரைவுகள், அதே விடிய விடியக் கூட்டங்கள். முதல் தலைமுறைக்குப் பின்னால், "எப்படியாவது முடித்துவிட்டு வா" என்று சொல்ல ஊரில் ஆள் இருந்தது. இரண்டாம் தலைமுறைக்கு அந்தக் குரல் இல்லை. தூது போகிறவருக்கு நாக்கு மட்டும் போதாது. அவர் ஒத்துக்கொண்டு வருவதைத் தாங்கிப் பிடிக்க ஊரில் ஒரு தோள் வேண்டும். அந்தத் தோளின் பெயர்தான் அரசியல் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

நோட்டில் அடுத்தடுத்து வெளியூர்ப் பெயர்கள் வருகின்றன. 1992-ல் 'ரஷ்யா'. இந்தியக் காபியை ரூபாய் வணிகத்தில் மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் அதற்கு முந்தைய டிசம்பரில் இல்லாமல் போயிருந்தது. 1994-ல் 'பிரேசில் பனி', பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அங்கே உறைபனியில் செடிகள் கருகி இங்கே விலை ஏறிய வருடம். அம்மாவுக்குக் காதில் தோடு வந்தது அந்த வருடம்தான்.

இனி எங்கள் ஓடையின் கதை. வகுப்பில் நான் அடிக்கடி சொல்வது இது.

எங்கள் தோட்டத்துக்கு மேலே இருந்தது எங்களுடையதைவிடப் பல மடங்கு பெரிய தோட்டம். அங்கே பல்பர் ஓடும். பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைக் கழுவிய தண்ணீர் நேராக ஓடையில் விழும். பறிப்புக் காலத்தில் எங்கள் பக்கம் வரும் தண்ணீர் பழுப்பாக, புளித்த வாடையோடு வரும். மாடு வாய் வைக்காது. அப்பா இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரி தாத்தாவைத் தூது அனுப்பினார். மேஸ்திரி தாத்தா மலையாளி. சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் பழங்குடி மக்கள், கேரளத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

மேல் தோட்டத்துக்காரருக்கும் ஒரு தேவை இருந்தது. எங்கள் நிலத்தின் மூலையை வெட்டிக்கொண்டு போனால் அவர்கள் ஜீப்புக்குப் பெரிய சுற்று மிச்சம். இரண்டு நடையில் பேச்சு முடிந்துவிட்டது: அவர்கள் குழி வெட்டிக் கழுவுத் தண்ணீரை அதில் விட வேண்டும், நாங்கள் மூலையில் தடம் விட வேண்டும். இரண்டு பேரும் சரி என்றார்கள்.

சிக்கல் அப்புறம்தான் ஆரம்பித்தது. இங்கே சித்தப்பா குதித்தார். "நம்ம நெலத்துல அவங்க ஜீப்பு ஓடறதா? நாளைக்கு அதையே பாத்தியதைன்னு கேப்பாங்க." அங்கே மேல் தோட்டத்துக்காரரின் தம்பிமார், "கீழ இருக்கறவங்க சொல்லி நாம குழி வெட்டணுமா?" என்றார்களாம். மேசையில் முடிந்த பேச்சு இரண்டு வீட்டுத் திண்ணையிலும் அறுந்து தொங்கியது.

ஒரு நாள் காலையில் மேஸ்திரி தாத்தா களத்து ஓரம் வந்து குந்தினார். காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, ஜீப்புத் தடம்னு சொல்லாதீங்க. கோயில் தடம்னு சொல்லுங்க. மேல மாரியாயி கோயிலுக்கு அந்த வழிதானுங்களே." அங்கே போய், "குழின்னு ஏனுங்க சொல்றீங்க, உரக்குழின்னு சொல்லுங்க, தோலெல்லாம் மக்கி உரமாயிருமுங்க" என்றிருக்கிறார். சித்தப்பாவால் சாமிக்கு வழி மறிக்க முடியாது. உரம் வேண்டாம் என்று எந்தத் தோட்டக்காரன் சொல்வான்? தாத்தா பொய்யே சொல்லவில்லை. கோயில் அங்கேதான் இருந்தது, குழியில் உரமும் கிடைத்தது. இரண்டு வீட்டிலும் தலை குனியாமல் சொல்லிக்கொள்ள ஆளுக்கு ஒரு சொல் கொடுத்தார், அவ்வளவுதான்.

காபி ஒப்பந்தம் முறிவதற்கு முந்தைய வருடம், 1988-ல், ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க அறிஞர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாடுகளின் பேச்சுவார்த்தை ஒரே நேரத்தில் இரண்டு மட்டத்தில் நடக்கும் ஆட்டம், ஒன்று எதிர்த்தரப்போடு, இன்னொன்று சொந்த வீட்டோடு என்றார். எம்.ஏ. படிக்கும்போது அதை வாசித்துவிட்டு நான் நேராக நினைத்தது சித்தப்பாவை.

1962-க்குத் திரும்பி வருகிறேன். காபி ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்த அதே செப்டம்பரின் கடைசியில் சேலத்து வக்கீல் ஒருவர் வெள்ளை மாளிகையில் கென்னடி முன்னால் உட்கார்ந்திருந்தார். ராஜாஜி. 1917-லிருந்து 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், அப்போது 83 வயது. காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு போய், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்டார். ஊரில் அவர் நேருவுக்கு எதிராகச் சுதந்திரா கட்சியைத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. நேருவின் பொருளாதாரக் கொள்கையை நாள் தவறாமல் சாடிக்கொண்டிருந்தவர், அமெரிக்க அதிபர் முன்னால் அந்தச் சண்டையின் நிழல்கூட விழாமல் பேசினார். உள்ளூர் அரசியலை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகத் தெரிந்த மனிதர். எனக்கு அவர் அரசியலில் ஒத்துக்கொள்ள முடியாதவை நிறைய உண்டு. இந்த ஒரு பயணத்துக்காக அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

அவர் கென்னடியைப் பார்த்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 16-ல் கியூபா ஏவுகணை நெருக்கடி தொடங்கியது. 13 நாள் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது தீர்ந்த விதத்தில் மேஸ்திரி தாத்தாவின் கையைப் பார்க்கிறேன். கியூபாவிலிருந்து சோவியத் ஏவுகணைகள் போக வேண்டுமென்றால் துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளும் போக வேண்டும். அதை வெளியே சொன்னால் கென்னடியை ஊரிலும் கூட்டணி நாடுகளிலும் பிய்த்துவிடுவார்கள். அடுத்த மாதம் நாடாளுமன்றத் தேர்தல் வேறு. அக்டோபர் 27 இரவு தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தோப்ரினினிடம் சொன்னார்: சில மாதங்களில் அவை அகற்றப்படும், ஆனால் இது வெளியே வரக் கூடாது. சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஒத்துக்கொண்டார். 1963 ஏப்ரலில் துருக்கி ஏவுகணைகள் சத்தமில்லாமல் போய்விட்டன. அது ஒரு பரிமாற்றம் என்பது பல வருடம் மறைத்து வைக்கப்பட்டது.

மறைத்தது சரியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தன் மக்களிடம் மறைக்கும் தலைவரை நான் நம்பமாட்டேன். ஆனாலும் அந்த இரவில் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. மேஸ்திரி தாத்தா கொடுத்த சொல்லை இரண்டு வீடும் பகலில் பேசலாம். கென்னடி கொடுத்த சொல்லை ஒரு வீடு இருட்டில் மட்டுமே பேச முடிந்தது. விலை தெரியாமல் போனதால், விறைத்துக்கொண்டு நின்றே ஜெயித்தார் என்ற கதை நிலைத்துவிட்டது. அந்தக் கதையைப் படித்து வளர்ந்தவர்கள் பின்னால் வேறு நாடுகளோடு விறைத்துக்கொண்டு நின்றார்கள்.

1963 ஆகஸ்ட் 5-ல் மாஸ்கோவில் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. காற்றில், கடலுக்கடியில், விண்வெளியில் அணுச் சோதனை கூடாது. நிலத்தடியில் செய்யலாம். ராஜாஜி கேட்டது பாதிதான் கிடைத்தது. மீதிப் பாதியை வாங்க முடியாததற்கு ஒரு முக்கியமான காரணம் வாஷிங்டனுக்குள்ளேயே இருந்தது: செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், ராணுவத் தளபதிகள் எதிர்க்காமல் இருக்க வேண்டும். நிலத்தடி வாசலைத் திறந்து வைத்ததால் 80-க்கு 19 என்று நிறைவேறியது. அதை ஏமாற்று என்கிறவர்கள் உண்டு. வானத்திலிருந்து கதிரியக்கத் தூசி விழுவது குறைந்ததே, அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம் செய்தித்தாள்கள் இந்த வேலைக்கு 'ராஜதந்திரம்' என்று பெயர் வைத்துவிட்டன. அந்தத் 'தந்திரம்' என்ற பாதி எனக்குப் பிடிக்கவில்லை. கேட்கும்போதே யாரையோ ஏமாற்றுவது போல இருக்கிறது. 'தூது' நல்ல சொல். நம் பக்கத்திலேயே, பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த தகடூரிலிருந்து, அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது போன இடம் இது. உன் ஆயுதங்கள் நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினார். அவ்வளவு நயமாக மிரட்ட ஔவையால்தான் முடியும். ஆனால் பின்னால் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்தபோது தகடூர் விழுந்தது.

எல்லாத் தூதும் நல்லதற்கே என்று சொல்லிவிட முடியாது. எங்கள் மலையில் மஸ்கெலியா ஆயா என்று ஒருவர் இருந்தார். மஸ்கெலியா இலங்கையில் தேயிலை விளையும் மலையூர். பறிப்புக்கு வருவார். மற்றவர்கள் பழத்தை ஒவ்வொன்றாகப் பறித்தால் ஆயாவின் விரல்கள் இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் ஓடும். தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள். 1973-ல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி, அப்புறம் சொந்தக்காரர் வழியாக எங்கள் மலை. தகரப் பெட்டிக்குள் ஒரு பாஸ்போர்ட் வைத்திருந்தார். அதைத் திறந்து என்னை வாசிக்கச் சொல்வார். பிறந்த இடம் இலங்கை, குடியுரிமை இந்தியா. இந்தியாவை ஆயா முதல்முறை பார்த்தது அந்தக் கப்பலின் மேல்தளத்திலிருந்துதான்.

அந்தப் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் இருப்பது 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம். 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974-ல் ஆளுக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள்.

ராஜதந்திரக் கணக்கில் அது வெற்றிதான். சீனப் போருக்குப் பின்னால் அண்டை நாடுகளின் நட்பு டெல்லிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. தோட்டத் தமிழர்களைக் குறைத்தேன் என்று சொல்வது கொழும்பு அரசியலுக்குத் தேவைப்பட்டது. இரண்டு தரப்பும் தன் வீட்டில் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒரு சொல் கிடைத்தது. மேஸ்திரி தாத்தா செய்த அதே வேலை. ஆனால் அங்கே பிரித்தது ஓடைத் தண்ணீரை அல்ல, மனிதர்களை. அவர்களுக்கு இலங்கையில் ஓட்டு இல்லை, இந்தியாவிலும் ஓட்டு இல்லை. இரண்டு வீட்டுத் திண்ணையிலும் அவர்களுக்காகக் குதிக்கச் சித்தப்பா யாரும் இல்லை. "எங்கள யாரு கண்ணு கேட்டாங்க?" என்பார் ஆயா, கோபமே இல்லாத குரலில். எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாமல் இருப்பது அந்தக் குரல்தான். அரசியல் தலையிட்டு ராஜதந்திரத்தைக் கெடுக்கிறது என்று பெரியவர்கள் எழுதும்போதெல்லாம் ஆயாவை நினைத்துக்கொள்கிறேன். ஆயாவுக்கு வேண்டியிருந்தது கூடுதல் அரசியல். அவர் பெயரைச் சொல்லிச் சத்தம் போடும் அரசியல்.

2025-ல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு முதலில் 25, ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீதம் என்று வரி போட்டபோது வகுப்பே அதைப் பற்றித்தான் பேசியது. நவம்பரில் காபி, வாழைப்பழம், மாட்டிறைச்சி என்று சிலவற்றை, 'பரஸ்பர வரி' என்று பல நாடுகளுக்கும் போட்டிருந்த வரியிலிருந்து அமெரிக்கா விலக்கியது. சில நாள் முன்புதான் அங்கே சில மாநிலத் தேர்தல்களில் விலைவாசி பெரிய பேச்சாக இருந்தது. கடையில் காபிப் பொட்டலத்தைக் கையில் எடுத்து விலையைப் பார்த்துத் திரும்ப வைத்தவர்களும் அந்த முடிவை எழுதினார்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னேன்.

அப்பாவின் நோட்டு இப்போது தம்பியிடம் இருக்கிறது. போன பறிப்பின்போது குப்பனூர், கொட்டச்சேடு வழியாக மேலே போயிருந்தேன். தம்பி கையில் போனை வைத்துக்கொண்டு வேலியோரமாக நடந்துகொண்டிருந்தான். காடழித்து விளைந்த காபியை உள்ளே விடமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டிருக்கிறது. எந்த நிலத்தில் விளைந்தது என்று இடக்குறியீட்டோடு காட்ட வேண்டும். நம் காபி அதிகம் போவது ஐரோப்பாவுக்குத்தான். அமலாகும் தேதியைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள்.

"இது வருமா வராதாக்கா?"

"அவங்க ஊர்ல அடுத்து யாரு ஜெயிக்கறாங்கன்னு பாரு" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூலைக்கு வந்ததும் தம்பி நின்றான். எதிர்ப்பக்கம் மேல் தோட்டத்துக்காரரின் பேரனும் அதே மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு தன் எல்லையை அளந்துகொண்டு வந்தார். நடுவில் தடம். நாற்பது வருடத்து டயர்த் தேய்மானத்தில் செம்மண் பள்ளமாகியிருந்தது. யார் கணக்கில் சேர்ப்பது என்று இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள்.

"அண்ணா, கோயில் தடத்த விட்டுட்டு அளந்துக்கலாமா?" என்று தம்பி சத்தமாகக் கேட்டான்.

"விட்டுருங்க தம்பி. அது மாரியாயியோடது."